கண்மாய்க்கரையும் வகுப்பறையும்: மீன்வள உயிரியலாளர் பதில்கள்

மீன்வளத் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்து, உதவி இயக்குநராக இருந்து, பிறகு கல்லூரியில் மீன்வள உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் காரைக்குடி. இந்த வேலையைப் பற்றியும் நம் பகுதி நீர்நிலைகளைப் பற்றியும் செட்டிநாட்டு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் எழுதியிருக்கிறேன்.

தேவகோட்டை, பிளஸ் டூ மாணவி: ஐயா, வீட்டில் நீட் தவிர வேறு பேச்சே இல்லை. எனக்கு மீன்வளம் படிக்க ஆசை. அரசு வேலை கிடைக்குமா? கடலைச் சுற்றுலாவில்தான் பார்த்திருக்கிறேன்.

பி.எப்.எஸ்சி. என்ற இளநிலை மீன்வள அறிவியல் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி இடம் தருகிறார்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிதான் நம் மாநிலத்தில் மூத்தது, 1977இல் தொடங்கியது. பிறகு பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் கல்லூரிகள் வந்தன. 2012 முதல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

கடலோரத்தில் பிறக்கவில்லையே என்று தயங்காதே அம்மா. கண்மாயும் ஊருணியும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நன்னீர் மீன்வளம் பாதி தெரிந்த பாடம். ஆனால் இந்தப் பட்டம் பெற்றவர் அனைவருக்கும் அரசு வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பணியிடங்கள் குறைவு, அறிவிக்கையும் ஆண்டுதோறும் வருவதில்லை. இறால் பண்ணை, தீவனத் தொழிற்சாலை, ஏற்றுமதி நிறுவனம், வங்கி என்று வேறு கதவுகளும் உண்டு. சேருவதற்கு முன் நீச்சல் கற்றுக்கொள். அதை மட்டும் தள்ளிப்போடாதே.

கோட்டையூர், விலங்கியல் பட்டதாரி: தேர்வாணையம் வழியாகத் துறைக்குள் வர முடியுமா? அங்கே உண்மையில் என்ன வேலை?

சார் ஆய்வாளர், ஆய்வாளர், உதவி இயக்குநர் பணியிடங்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. எந்தப் பதவிக்கு விலங்கியல் போதும், எதற்கு மீன்வளப் பட்டமே வேண்டும் என்பதை அந்தந்த அறிவிக்கையின் தகுதிப் பகுதியில் வரி விடாமல் படியுங்கள் தம்பி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து விண்ணப்பிக்காதீர்கள்.

உயிரியல் படித்துவிட்டு வருபவர் நுண்ணோக்கியை எதிர்பார்த்து வருவார். மேசையில் கோப்புதான் காத்திருக்கும். படகுப் பதிவு, தடைக்கால நிவாரணம், மானிய விண்ணப்பம், புயல் சேதக் கணக்கு என்று நாள் போய்விடும். இவற்றைத் தாழ்வாக நினைப்பவர் இந்த வேலைக்கு வர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிவாரணப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் அந்த வீட்டில் உலை ஏறுவது தள்ளிப்போகும். அதே சமயம், கோப்போடு சேர்த்து உங்களுக்கென்று ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கண்மாய் எப்போது பெருகியது, எத்தனை குஞ்சு விட்டார்கள், கோடையில் எத்தனை கிலோ எடுத்தார்கள் என்று அதில் எழுதுங்கள். மாற்றலாகிப் போகும்போது அடுத்து வருபவருக்கு அதில் ஒரு படி கொடுத்துவிட்டுப் போங்கள்.

காரைக்குடி, கல்லூரி விரிவுரையாளர்: துறையில் இருந்துவிட்டுக் கற்பிக்க வந்ததில் என்ன வேறுபாடு கண்டீர்கள்? புத்தகத்தை வைத்தே நடத்திவிட முடியாதா?

நடத்தலாம். ஆனால் மாணவருக்கு எண் எங்கிருந்து வருகிறது என்பது கடைசி வரை தெரியாமல் போய்விடும்.

தொண்டி போன்ற ஒரு மீன் இறங்குதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படகு கரை சேர்ந்ததும் ஏலம் தொடங்கிவிடும். வியாபாரிக்கு ஐஸ் கரைகிறது. நமக்காகக் காத்திருக்க மாட்டார். அந்த இடைவெளியில் கூடையிலிருந்து பொறுக்காமல் கைக்கு வந்த காரல் மீன்களை எடுத்து, அளவுப் பலகையில் மூக்கு முட்டும்படி வைத்து, வால் நுனி வரை மில்லிமீட்டரில் படித்து எழுத வேண்டும். பிறகு சிலவற்றை வயிற்றைக் கீறிப் பார்க்க வேண்டும். சினைப்பை நூல் போல வெளிறி இருந்தால் இன்னும் முதிரவில்லை. மஞ்சளாக, மணிமணியாக, வயிற்றை நிறைத்துக்கொண்டிருந்தால் முட்டையிட நெருங்கிவிட்டது. சிவந்து தளர்ந்து தொங்கினால் முட்டையிட்டு முடித்துவிட்டது. இதை மாதந்தவறாமல் செய்தால்தான் எந்த மீன் எப்போது இனப்பெருக்கம் செய்கிறது என்று தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறதே, முன்பு 45 நாளாக இருந்து பிறகு 61 நாளானதே, அது போன்ற முடிவுகளுக்கு அடியில் இருக்க வேண்டியது இப்படி யாரோ மீன்கவிச்சியோடு எழுதிய பட்டியல்தான்.

வகுப்பில் நான் முதலில் கற்றுக்கொடுப்பது பட்டியலைச் சந்தேகிக்க. மாணவர்கள் கொண்டுவரும் நீளக் கணக்கில் கடைசி இலக்கத்தை மட்டும் பார்ப்பேன். 0, 5 என்று முடியும் எண்கள் அளவுக்கு மீறி இருந்தால், மீன் பலகையில் ஏறவே இல்லை. கண்ணால் குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அளந்தால் 3, 7, 8 எல்லாம் கலந்துதான் வரும். அந்தப் பட்டியலைத் திட்டாமல் திருப்பிக் கொடுத்து மறுபடி அளக்கச் சொல்வேன். அளக்காமல் எழுதிய எண்ணும் அறிக்கையில் ஏறிவிட்டால் அளந்த எண்ணைப் போலவே மரியாதை பெற்றுவிடும். அதை நம்பி எங்கோ ஒருவர் வலைக்கண் அளவை முடிவு செய்வார். அரசுப் பணியில் அந்த விளைவைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் வகுப்பறையில் இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

கானாடுகாத்தான், ஆச்சி ஒருவர்: எங்கள் ஊருணியில் விடிகாலையில் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வருகின்றன. சில செத்தும் மிதக்கின்றன. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேசுகிறார்கள். மருந்து ஏதாவது உண்டா தம்பி?

ஆச்சி, விஷம் என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, நேரம். விடியலுக்கு முன் திணறி, வெயில் ஏறியதும் தெளிகின்றனவா? இரண்டு, எந்த மீன் சாகிறது? விராலும் தேளியும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடியவை. அவை நன்றாக இருக்க, கட்லா, ரோகு போன்றவை, அதிலும் பெரியவை, முதலில் செத்தால் அது பிராணவாயுக் குறைவு. விரால் உட்பட எல்லாமே, பகலிலும் சாகின்றன என்றால்தான் விஷத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

தண்ணீர் பச்சைப் பசேலென்று இருக்கிறதா? பகலில் பாசி பிராணவாயுவைத் தருகிறது. இரவில் மீனோடு போட்டி போட்டு அதையே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் விடியலுக்குச் சற்று முன் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியல் இன்னும் மோசம். மீனுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி.

கல்லூரியில் இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. காற்றுக் குமிழி புகாமல் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டால் அடியில் படிவு இறங்கும். பழுப்பாக இறங்கினால் பிராணவாயு இருக்கிறது. வெள்ளையாக இறங்கினால் இல்லை. பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையில் கேட்டால் வந்து செய்து காட்டுவார்கள். விடிவதற்கு முன் வரச் சொல்லுங்கள், பத்து மணிக்கு வந்து பார்த்துப் பயனில்லை.

மருந்து எதுவும் வேண்டாம். சுண்ணாம்பும் போடாதீர்கள், பச்சை நீர் பகலில் ஏற்கெனவே காரத்தன்மை ஏறித்தான் இருக்கும். செத்த மீனை உடனே அகற்றுங்கள். கொஞ்ச நாளைக்குப் பொரியும் சோறும் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மீனுக்குப் போடும் புண்ணியம் என்று நாம் போடுவதில் மிச்சமெல்லாம் அடியில் அழுகிப் பாசிக்கு உரமாகிறது. மோட்டார் வைத்து அதே தண்ணீரை உயரத்திலிருந்து பீய்ச்சி விழவிட்டால் அன்றைக்கு உயிர் தப்பும். நிரந்தரமாகச் சரியாக வேண்டுமென்றால் வரத்துக்காலில் சாக்கடை கலக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவும் வேண்டாம். சில பாசிகளின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

திருப்பத்தூர், கண்மாய் மீன்பிடி உரிமையை (மீன்பாசி) ஏலம் எடுத்தவர்: கண்மாயில் கட்லா, ரோகு விட்டேன். கோடையில் வலை போட்டால் எல்லாம் கையகல ஜிலேபிக் கெண்டை. இதை நாட்டுக்குள் கொண்டுவந்ததே அரசுதானே?

ஆம். மொசாம்பிக் ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. ஏழைக்கு மலிவான மீன், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும் என்ற நல்ல எண்ணம்தான் காரணம். பிழைத்தது, அதுதான் சிக்கல். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது. சிறியதாக இருக்கும்போதே முதிர்ந்து ஆண்டுக்குப் பலமுறை பெருகுகிறது. கூட்டம் பெருகப் பெருக எதுவும் வளர்வதில்லை. புதிய மீனினத்தை நீர்நிலையில் விடும் முன் பலமுறை யோசிக்க வேண்டும் என்பதற்கு மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் எடுத்துக்காட்டு இதுதான்.

நீங்கள் செய்யக்கூடியது: கோடையில் கண்மாய் வற்றும்போது மடைக்கு அருகே தேங்கும் பள்ளத்தையும் காயவிடுங்கள். நம் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைபவை, ஆறேழு மாதம்தான் தண்ணீர். அதனால் சின்னஞ்சிறு குஞ்சுகளை விடாதீர்கள். 10 சென்டிமீட்டருக்குக் குறையாத விரலிகளை வாங்குங்கள். கண்மாய் நிறைந்து கலுங்கு வழியும்போது விடாதீர்கள், மறுகால் நின்ற பிறகு விடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் காசு அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போய்விடும். கொஞ்சம் விரால் இருந்தால் ஜிலேபிக் குஞ்சை அது பார்த்துக்கொள்ளும். ஆப்பிரிக்கக் கெளுத்தி நன்றாக வளருமே என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அது தடை செய்யப்பட்ட மீன்.

சிங்கம்புணரி, இளைஞர் மன்றம்: எங்கள் ஊர் மீன்பிடித் திருவிழா மீன்வளத்தை அழிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சரியா?

வற்றப்போகும் கண்மாயில் ஊர் கூடி ஊத்தாக் கூடையாலும் கச்சா வலையாலும் பிடிப்பதால் மீன்வளம் அழியாது. பிடிக்காவிட்டாலும் அந்த மீன் சாகத்தான் போகிறது. பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும் வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்காத அந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. மழைக்காலத்தில் செய்வதுதான் தவறு. செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே மிதந்தால் அடியில் தாயும் தந்தையுமாக விரால் காவல் நிற்கிறது. அந்த நேரத்தில் பெற்றோரைப் பிடித்தால் குஞ்சு அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை. இதை மட்டும் உங்கள் மன்றத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர், தாய் ஒருவர்: பெண் பிள்ளைக்கு ஏற்ற வேலையா?

ஏற்றதுதான். என்னிடம் படித்தவர்களில் அளவெடுப்பதில் மிகத் துல்லியமானவர்கள் பெண்கள். விடிகாலை இறங்குதளப் பணியும் மாற்றலும் இருக்கும் என்பதைக் குடும்பம் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். இறங்குதளங்களில் பெண்களுக்குக் கழிப்பறை வசதியைக் கேட்டுப் பெறுவது மேலதிகாரியின் பொறுப்பு. அதைப் பெண் பணியாளரின் தலையில் கட்டக் கூடாது.

புதுவயல், முதுநிலை மாணவர்: ஆராய்ச்சிக்குப் போக வேண்டுமென்றால்?

மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம், கொச்சி மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் ஆகியவற்றைப் பாருங்கள். விஞ்ஞானி பணிக்கு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் தேர்வு. கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தேசியத் தகுதித் தேர்வையும் முடித்துவைப்பது நல்லது. இந்த ஆராய்ச்சியால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் 1957 ஜூலை 10ஐச் சொல்லுங்கள். ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சவுத்ரியும் அலிகுன்ஹியும் கெண்டை இனத்துக்கு மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசியில் செலுத்திக் குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். அதற்கு முன் கட்லா, ரோகு குஞ்சுக்கு ஆற்று வெள்ளத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். அந்த நாளைத்தான் இன்று மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறோம்.

ஆத்தங்குடி, பள்ளி மாணவர்: எங்கள் வீடு சைவம். இதைப் படிக்கலாமா?

மீன் சாப்பிடாமலே இந்தப் படிப்பை முடிக்கலாம் தம்பி; மீனை அறுக்காமல் முடிக்க முடியாது. பார்மலின் நெடியும் கவிச்சியும் கையை விட்டுப் போகாத நாட்கள் இருக்கும். விடுமுறையில் ஒரு நாள் காலையில் சந்தைக்குப் போய், மீன் வெட்டும் அம்மாவின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று, செவுளையும் குடலையும் நன்றாகப் பார். அப்போது உனக்குக் கேள்விகள் எழுந்தால் விண்ணப்பம் போடு. வீட்டில் நான் பேச வேண்டுமென்றாலும் பேசுகிறேன்.