நீச்சல் வீடியோவுல ஸ்பீடு அளக்கறது எப்படி? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, என் பையன் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் (தவளை மாதிரி நீந்தறது) அடிக்கிறான். ஸ்டாப்வாட்ச் இருக்கே, வீடியோ எதுக்கு?

பதில்: ஸ்டாப்வாட்ச் சராசரிய மட்டும்தான் காட்டும் தம்பி. 2019ல தென்கொரியாவோட குவாங்ஜுல பிரிட்டன் நீச்சல் வீரர் ஆடம் பீட்டி 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்க 56.88 செகண்ட்ல முடிச்சார், வகுத்துப் பாத்தா செகண்டுக்கு 1.76 மீட்டர் வருது, ஆனா அவர் அந்த ஸ்பீடுலயே சீரா போனார்னு அர்த்தம் இல்ல, கால உதைக்கும்போது சர்ருனு ஏறும், அடுத்த உதைக்கு கால மடக்கி இழுக்கும்போது தொடை தண்ணிய எதிர்த்து நிக்கும், ஸ்பீடு அப்படியே படுத்துடும். கத்துக்கற பசங்க அந்த இடத்துல கிட்டத்தட்ட நின்னே போயிடுவாங்க. அந்தப் பள்ளம் எவ்ளோ ஆழம்னு பாக்கத்தான் வீடியோ.

கேள்வி: மேடம், செகண்டுக்கு 240 ஃப்ரேம்ல எடுத்தா துல்லியமா வருமா?

பதில்: எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறாங்க! ஒவ்வொரு ஃப்ரேம்லயும் பையன் உடம்புல அதே இடத்துல ஒரு புள்ளி வெச்சு, அது நகர்ந்த தூரத்துல இருந்துதான் ஸ்பீடு கணக்குப் போடறோம். ஒரு புள்ளிய 1 சென்டிமீட்டர் தள்ளி வெச்சிட்டீங்கன்னு வைங்க, 60 ஃப்ரேம்ல அது செகண்டுக்கு 0.6 மீட்டர் தப்பு, 240ல 2.4 மீட்டர், அதாவது பையனோட ஸ்பீட விட தப்பு பெருசு. ஃப்ரேம ஏத்தினா படம் தெளிவாகும், ஆனா ஸ்மூத் பண்ணாம கிராஃப் போட்டா முள்ளுமுள்ளாத்தான் வரும். ஸ்மூத் பண்ண பட்டர்வொர்த் லோ-பாஸ் ஃபில்டர்னு ஒரு கணக்கு இருக்கு, வேகமா நடுங்கற முள்ள வெட்டிட்டு மெதுவான ஏற்ற இறக்கத்த விட்டுடும், அதோட எல்லைய 6 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 6 ஆட்டம்) பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரொம்ப இறக்கிட்டா பள்ளமும் சேர்ந்து அழிஞ்சிடும். என்னைக் கேட்டா 60 ஃப்ரேமே தாராளம்.

கேள்வி: பிக்சல மீட்டரா மாத்தறது எப்படி சார்?

பதில்: சார் இல்லீங்க, மேடம் 🙂 மேல இருந்து எடுத்தா அந்த லேனோட கயிறப் பாருங்க, சுவர்ல இருந்து 5 மீட்டர்லயும் 15 மீட்டர்லயும் கலர் மாறும். பக்கத்து லேன் கயிற வெச்சு அளந்தா ஸ்கேல் தப்பாயிடும். தண்ணிக்குள்ள கேமரான்னா, அளவு தெரிஞ்ச கம்பிய பையன் நீந்தற அதே கோட்டுல முக்கிப் படம் புடிங்க, தண்ணிக்கு வெளிய வெச்சு எடுத்த அளவு உதவாது, தண்ணியில ஒளி வளையறதால பொருள் கிட்டக்க, பெருசாத் தெரியும். கேமராவ திருப்பவே கூடாது.

கேள்வி: புள்ளிய எங்க வைக்கலாம்?

பதில்: இடுப்பு. ஆனா அது உடம்போட ஈர்ப்பு மையம் இல்ல, கைகால் ஆடறப்போ மையம் நகரும், அதனால இடுப்பு ஏற்ற இறக்கத்த கொஞ்சம் மிகைப்படுத்தும். அதே பையனோட போன மாச வீடியோவோட ஒப்பிடறதுக்கு இது போதும்.

கேள்வி: இலவச சாஃப்ட்வேர் ஏதாவது?

பதில்: கினோவியா. நுரைக்குள்ள ட்ராக்கிங் (புள்ளிய சாஃப்ட்வேர் தானா பின்தொடர்றது) தொலையும், அங்க கையாலதான் க்ளிக் பண்ணணும், வேற வழி இல்ல.

கேள்வி: ஃப்ரீஸ்டைலுக்கும் இதே முறையா அக்கா?

பதில்: முறை இதேதான். அதுல ஏற்ற இறக்கம் ரொம்ப சின்னது, வீட்டு செட்டப்புல நீங்க பாக்கற அலை பாதி க்ளிக் தப்பாத்தான் இருக்கும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்லயே ஆரம்பிங்க.