சைனஸ் லிஃப்ட்: மேல்தாடை எலும்பில் ஓடும் தமனிக்குப் பயப்பட வேண்டுமா?

செம்பூரிலிருந்து 61 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வலது பக்கம் மேல் கடவாய்ப்பல் இரண்டைப் பிடுங்கி 12 வருடம் ஆகிறது. இம்ப்ளான்ட் வைக்க எலும்பு 3 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, சைனஸ் லிஃப்ட் செய்ய வேண்டும் என்கிறார்கள். அங்கே ஒரு தமனி ஓடுகிறது, அறுபட்டால் ரத்தம் நிற்காது என்று மகன் பயமுறுத்துகிறான். தினமும் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறேன். செய்துகொள்ளலாமா?"

செய்துகொள்ளலாம் அம்மா. ஆனால் ஸ்கேன் பார்க்காமலே தேதி குறிக்கிற இடத்தில் வேண்டாம்.

மகன் சொன்னதில் பாதி சரி. மேல் கடவாய்ப்பற்களுக்கு மேலே காற்று நிறைந்த ஓர் அறை இருக்கிறது, அதுதான் சைனஸ். செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பொருத்தும் திருகுதான் இம்ப்ளான்ட். அதற்கு எலும்பு போதாதபோது சைனஸின் அடியில் எலும்பைக் கூட்டுவதுதான் சைனஸ் லிஃப்ட். கண்ணுக்குக் கீழிருந்து ஒரு தமனியும் தாடையின் பின்பக்கத்திலிருந்து இன்னொன்றும் வந்து, அந்த அறையின் வெளிச்சுவரில் கைகோத்துக்கொள்கின்றன. குர்லாவில் சென்ட்ரல் லைனும் ஹார்பர் லைனும் சந்திக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சைனஸ் லிஃப்டில் உள்ளே போக நாங்கள் சிறு ஜன்னல் வெட்டுவது அதே சுவரில்தான்.

பெரும்பாலானவர்களுக்கு அந்தக் குழாய் 1 மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அறுபட்டாலும் பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். இல்லாவிட்டால் எலும்பு மெழுகை அப்பி அடைப்போம். உயிருக்கு ஆபத்து என்பதெல்லாம் மிகை. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. முட்டை ஓட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தோல் மாதிரி ஒரு சவ்வு சைனஸுக்குள் இருக்கிறது. அதைக் கிழிக்காமல் உயர்த்தி, அடியில் எலும்புத்தூளை நிரப்ப வேண்டும். விரல் நகம் அளவு ஜன்னலில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால் அந்தச் சவ்வு கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் தடவி வேலை செய்தால் கிழியும்.

அந்தத் தமனியை ஒரேயடியாக விரோதியாகவும் பார்க்காதீர்கள். வைக்கிற எலும்புத்தூள் உயிர்பிடிக்க ரத்தம் கொடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

உங்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் நின்று பார்ப்பது அந்த 12 வருடத்தை. ஈறு பக்கத்து எலும்பு விளிம்பிலிருந்து தமனி சராசரியாக 16 முதல் 20 மில்லிமீட்டர் உயரத்தில் ஓடும். ஜன்னலின் மேல்விளிம்பு வழக்கமாக அதற்குக் கீழேயே நின்றுவிடும். ஆனால் பல் போனபின் எலும்பு இரண்டு வழியில் குறையும். சைனஸ் மேலிருந்து கீழே இறங்கலாம். ஈறு பக்கம் தேய்ந்து விளிம்பு மேலே ஏறலாம். முதல் வகையில் தமனி இருக்கும் தூரம் மாறாது. இரண்டாவதில் தமனி அங்கேயே இருக்க, விளிம்பு அதை நெருங்கிவிடும். "3 மில்லிமீட்டர்" என்ற ஒற்றை எண் இதைச் சொல்லாது.

சொல்வது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன். அதன் குறுக்குவெட்டுப் படத்தில், வெள்ளைச் சுவருக்கு நடுவே பேனா முனையால் குத்திய மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் அதுதான் தமனி போகும் வழி. ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது தெரியும். தெரியாததால் தமனியே இல்லை என்று ஆகிவிடாது. புள்ளி 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஜன்னலை இடம் மாற்றலாம், நுண்ணிய அதிர்வால் வேலை செய்யும் பீசோ கருவியால் எலும்பை மட்டும் சீவலாம். முழு வாயையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயை நீட்டி "இதுவே போதும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது என் பழைய வயிற்றெரிச்சல். மும்பையில் பல கிளினிக்குகளில் டாக்டருக்கு முன்னால் ஒரு 'கோஆர்டினேட்டர்' உட்கார்ந்திருப்பார். இன்றே அட்வான்ஸ், இஎம்ஐ, இரண்டு இம்ப்ளான்ட் எடுத்தால் எலும்புத்தூள் இலவசம்! காய்கறிக் கடையா இது? ஆபரேஷன் செய்யப் போவது யார் என்று கேட்டால் "சீனியர் டாக்டர் வருவார்" என்பார்கள். அந்த சீனியர் உங்கள் ஸ்கேனை முதல்முறை பார்ப்பது நீங்கள் நாற்காலியில் வாயைத் திறந்த பிறகு. காப்பீட்டிலும் இம்ப்ளான்ட்டுக்குப் பொதுவாகப் பைசா பெயராது, அதனால் தள்ளுபடி என்றதும் ஜனங்கள் விழுந்துவிடுகிறார்கள். ஸ்கேன் பைலைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் சொத்து. செய்யப் போகிறவரிடமே காட்டி, "தமனி எங்கே போகிறது டாக்டர்?" என்று கேளுங்கள். இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமானால் மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கியூவில் நிற்க வேண்டிவரும், கூடவே தண்ணீர் பாட்டில் எடுத்துப்போங்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த அளவுக்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. ஸ்டென்ட் வைத்திருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக்கூடாது.

முடிந்தபின் ஓரிரு நாள் மூக்கில் லேசாக ரத்தம் கசியலாம். மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், ஸ்ட்ரா வேண்டாம். அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காமல் ஒழுகினால் உடனே கூப்பிடுங்கள். ஆபரேஷன் அன்று சளி பிடித்திருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். அட்வான்ஸ் திரும்பி வராது என்று அந்த கோஆர்டினேட்டர் சொன்னாலும் சரி.