யாருக்காக அழுகிறான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ ஆல்பத்தைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிக் கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது. ஒரு கிட்டார், அங்கங்கே ஒரு மவுத் ஆர்கன், பேசுவதுபோல ஒரு குரல். ஒத்திகையைப் பதிவு செய்து விற்றுவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது. ‘புளூ ஐஸ் கிரையிங் இன் த ரெயின்’ மட்டும் பிடித்தது. அதைத் தனியே எடுத்துவைத்துக் கேட்கிறேன். மற்றவற்றில் எதைத் தவறவிட்டேன்?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

1975இல் இந்த ஒலிநாடா கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனபோது அங்கிருந்தவர்களும் உங்களைப் போலவே நினைத்தார்கள். இது வெறும் மாதிரிப் பதிவு, வயலின்களும் கோரஸும் இனிமேல்தான் சேரும் என்று. அமெரிக்கக் கிராமப்புற மரபில் பிறந்த கன்ட்ரி இசை, அதன் மையமான நாஷ்வில் நகரில் அன்று அப்படித்தான் தயாரானது. நெல்சனுக்கு அந்த வழக்கம் நன்றாகத் தெரியும். பேட்ஸி கிளைன் பாடிப் புகழ்பெற்ற ‘கிரேஸி’ அவர் எழுதியது. ஆனால் அவரே பாடியபோது, 1960கள் முழுவதும், அவர் குரலின்மேல் பிறருடைய வயலின்களை அடுக்கினார்கள். அந்தக் குரலுக்கு அது ஒத்துவராது. தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி நடந்து, வரி முடியும் இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும் குரல் அது. அதற்கு நடக்க இடம் வேண்டும்.

1970 இறுதியில் நாஷ்வில் அருகே அவருடைய வீடு எரிந்தது. பிறகு சொந்த மாநிலமான டெக்சாஸுக்கே திரும்பி, ஆஸ்டினில் குடியேறினார். கொலம்பியாவோடு ஒப்பந்தம் போட்டபோது, இசையில் இறுதி முடிவு தன்னுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டார். கார்லண்ட் என்ற ஊரில் ஒரு ஸ்டுடியோவில் தன் குழுவை வைத்துச் சில நாள்களில், சுமார் 4,000 டாலர் செலவில் பதிவை முடித்தார். பியானோ வாசித்தவர் அக்கா பாபி நெல்சன். மவுத் ஆர்கன் மிக்கி ராஃபேல். ஒப்பந்தம் இருந்ததால் நிறுவனத்தால் எதையும் சேர்க்க முடியவில்லை.

இனி நீங்கள் எடுத்துவைத்துக்கொண்ட பாட்டு. தனியாகக் கேட்டால் அது ஒரு பிரிவுப் பாட்டு. மழையில் விடைபெற்ற பெண்ணை நினைத்து ஒருவன் வயதான காலத்தில் ஏங்குகிறான். ஃபிரெட் ரோஸ் 1940களில் எழுதிய பழைய பாட்டுதான். வானொலியில் கேட்டு அதை முதலிடத்துக்குக் கொண்டுபோன ஆயிரக்கணக்கானோரும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

ஆனால் இந்த ஆல்பத்தின் பாட்டுகள் சேர்ந்து ஒரே கதையைச் சொல்கின்றன. அதில் இது ஐந்தாவது பாட்டு. அதற்கு முன் என்ன நடந்தது? கதைநாயகன் ஒரு போதகர். மனைவி வேறொருவனோடு போய்விடுகிறாள். அவர்களைத் தேடிப் போகிறான். ஒரு மதுக்கடையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் புன்னகை மாறுவதற்குள் சுட்டுக் கொன்றுவிடுகிறான். நெல்சன் இதைக் குரலை உயர்த்தாமல், வழிப்போக்கரிடம் ஊர்ச்செய்தி சொல்வதுபோல இரண்டு வரியில் சொல்லிவிடுகிறார். அடுத்து உங்கள் பாட்டு தொடங்குகிறது. அந்தப் பெண் பிரிந்து போகவில்லை, எம். அவன்தான் கொன்றான். அவன் கைகளாலேயே இல்லாமல் போனவளுக்காக அழுகிறான். இது தெரிந்தபின் அந்தப் பாட்டின் மெல்லிய கிட்டாரைக் கேளுங்கள். அங்கே ஒரு வயலின் கூட்டம் எழுந்திருந்தால், அவனுக்காக நாம் இரங்க வேண்டும் என்று நம்மை நெருக்கியிருக்கும். நெல்சன் நெருக்கவில்லை. அவனோடு நம்மைத் தனியே விட்டுவிடுகிறார்.

தலைப்புப் பாட்டில் என்னால் இன்றும் எளிதாகக் கடக்க முடியாத ஓர் இடம் உண்டு. இறந்த மனைவியின் குதிரையைக் கையில் பிடித்தபடி அவன் அலைகிறான். அதைத் தொட்ட இன்னொரு பெண்ணையும் சுட்டுவிடுகிறான். குதிரை திருட வந்தவளைக் கொன்றதற்குத் தூக்கில் போட முடியாது என்று பாட்டு சாதாரணமாகச் சொல்லிக் கடக்கிறது. இது நெல்சன் எழுதியதல்ல, 1950களின் பாட்டு. இளம் வயதில் வானொலி அறிவிப்பாளராக இருந்தபோது இதை ஒலிபரப்பியவர், தன் பிள்ளைகளைத் தூங்கவைக்கவும் பாடியிருக்கிறார். அந்த வரியில் எனக்குக் கோபம் வருகிறது. ஆல்பத்தை அதற்காக ஒதுக்கவும் முடியவில்லை.

எனவே கைபேசி தன் விருப்பம்போலக் கலைத்துப் போடுவதை நிறுத்திவிட்டு, வரிசையாகக் கேளுங்கள். மொத்தமே முப்பத்து மூன்று நிமிடங்கள்தான். இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் அவன் டென்வர் நகரத்துக்கு வந்து ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். அந்த இடத்தில் சொற்கள் நின்று இரண்டு நடன இசைகள் வருகின்றன. முதலாவது, மெக்சிகோவின் ஹுவெந்தினோ ரோசாஸ் இயற்றிய வால்ட்ஸ். அடுத்ததில் பாபியின் பியானோ ஒரு பழைய ஊர்க்கூடத்தின் பியானோபோலத் துள்ளுகிறது. அவர்கள் புன்னகையோடு ஆடினார்கள் என்று பாட்டு சொல்லி முடித்துவிட்டது. இனி இசை மட்டுமே ஆடுகிறது.

கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். ஐந்தாவது பாட்டு இப்போதும் பிடித்திருக்கிறதா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.