பழைய டிவி, பிரிண்டர் கூடுகளைச் சாதாரண பிளாஸ்டிக்கோடு மீள்சுழற்சிக்குக் கொடுக்கலாமா?

கொழும்பு வெள்ளவத்தையில் வீடு மாறுகிறீர்கள். பழைய குழாய் டிவியையும் பிரிண்டரையும் கழற்றி, கூட்டை மட்டும் போத்தல் பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கொடுக்காதீர்கள். கழற்றவும் வேண்டாம்.

நான் கொட்டாஞ்சேனையில் பதினெட்டு வருடமாக டிவி திருத்துகிறேன். செம்புக்கு விலை உண்டு, போர்டுக்கு விலை உண்டு, கூட்டை யாரும் சீண்டுவதில்லை. ஒருமுறை பழைய சாமான் வாங்குபவர் ஒருவரிடம் பதினொரு பெட்டிகளைக் கொடுத்தேன். சுருளையும் போர்டையும் பிடுங்கிக்கொண்டு, கூடுகளைக் கடைக்குப் பின்னால் ஒழுங்கையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த வாரமே மழை. கூடு ஒவ்வொன்றிலும் தண்ணீர். டெங்கு பார்க்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நேராக என் வாசலுக்குத்தான் வந்தார்!

அதன்பிறகுதான் கூட்டையே ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். பின்மூடியின் உட்புறத்தில் பொடி எழுத்தில் பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் ஒரு முத்திரை இருக்கும்: ஏபிஎஸ், எச்ஐபிஎஸ், பிசி என்று. பக்கத்தில் எஃப்ஆர் என்றிருந்தால் தீத்தடுப்பு இரசாயனம் கலந்தது. அதோடு 17 என்ற எண் வந்தால் புரோமினும் அந்திமனியும். 40 என்றால் பொஸ்பரஸ் வகை. மிகப் பழைய பெட்டிகளில் முத்திரையே இருக்காது. குழாய் டிவிக்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பின்மூடி தீப்பிடிக்கக் கூடாது என்றுதான் இதைக் கலந்தார்கள். பழைய மூடிகள் சிலவற்றில் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் இதுதான். அப்படிக் கலந்த டெக்காபிடிஈ என்ற புரோமின் சேர்மம் 2017இல், நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் தடைப்பட்டியலில் ஏறியது.

முத்திரை இல்லாத துண்டுகளை நான் வாளியில் போட்டுப் பார்த்தேன். வெறும் தண்ணீரில் பிபி (பொலிபுரொப்பிலீன்) என்ற பிளாஸ்டிக் மிதக்கும், மற்றவை அமிழும். லீற்றருக்கு 160 கிராம் உப்புக் கரைத்தால் சாதாரண ஏபிஎஸ்ஸும் எச்ஐபிஎஸ்ஸும் மேலே வந்துவிடும். புரோமின் கலந்தது பாரம் கூடியதால் அடியிலேயே கிடக்கும். பெரிய ஆலைகளிலும் பிரிப்பதற்கு அடிப்படை இந்த அடர்த்திக் கணக்குத்தான். அகச்சிவப்புக் கருவிகளும் உண்டு, ஆனால் கரிக்கறுப்புச் சேர்த்த பிளாஸ்டிக் அவற்றின் கண்ணுக்குப் படாது. நம் டிவிக் கூடுகளோ அநேகமாகக் கறுப்பு!

பிரிக்காமல் உருக்கினால் என்ன? ஏபிஎஸ்ஸும் எச்ஐபிஎஸ்ஸும் ஒன்றோடொன்று ஒட்டாது, வார்த்த பொருள் பிஸ்கட்போல நொறுங்கும். அதைவிட மோசம், புரோமின் புதிய பொருளுக்குள் போய்விடும். மலிவான கறுப்பு விளையாட்டுப் பொருட்களில் இதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். எரித்தால் நச்சுப் புகை. ஒழுங்கையில் கம்பி எரிப்பவர்களிடம் இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஆகவே பெட்டியை முழுதாகவே கொடுங்கள். 2008ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய கழிவைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, “கூட்டை என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். போர்டைப் பற்றி மட்டும் பேசுபவரானால் வேறு ஆளைப் பாருங்கள்.

பிரிண்டர் ஓடுகிறதென்றால் கழிக்காதீர்கள், யாராவது கேட்டு வருவார்கள். டிவியை எடுத்துப்போக ஆள் வரும்வரை பால்கனியில் வைப்பதானால், மழை படாத மூலையாகப் பார்த்து வையுங்கள்.