மனையை அடமானம் வைக்க வேண்டாம், அச்சுத் துறையைப் பாருங்கள்

விருதுநகர் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ. போக்கிமான் கார்டுகளை ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்து வைத்திருக்கிறான். போதாததற்கு, தானே ஒரு கார்டு வரைந்து, அதன்மேல் செல்போனைக் காட்டினால் திரையில் ஒரு டிராகன் எழுந்து நிற்கும்படி செய்திருக்கிறான். இப்படி நிஜக் காட்சியின் மேல் கணினிப் படத்தை எழுப்புவதற்கு ஏ.ஆர். (ஆக்மென்டட் ரியாலிட்டி) என்று பெயர். 'இந்த ஏ.ஆர். வேலைக்குத்தான் போவேன்' என்று பிடிவாதம். பெங்களூரு ஐ.டி. கம்பெனியில் இருக்கும் சித்தப்பாவோ, 'மேனேஜ்மென்ட் கோட்டாவிலாவது ஏ.ஐ. - டேட்டா சயின்ஸ் வாங்கிப் போடுங்கள்' என்கிறார். அதற்காக வீட்டு மனையை அடமானம் வைக்கலாமா என்பது அந்த அம்மாவின் கேள்வி.

வைக்காதீர்கள், அம்மா. சித்தப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்; ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லை. பாடத்தின் பெயர் புதிது என்பதற்காக ஒரு சுமாரான கல்லூரி நல்ல கல்லூரி ஆகிவிடாது. அதைவிட முக்கியமான விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கோடிங்கை வீடியோ பார்த்து அப்படியே போட்டுவிட்டான், படத்தை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றி பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பையனின் மனசு எதில் இருக்கிறது என்று இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பையனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கார்டையும் கேமராவையும் சேர்ப்பது புதிய யோசனை இல்லை. 2007-லேயே பிளேஸ்டேஷன் 3-க்கு 'தி ஐ ஆஃப் ஜட்ஜ்மென்ட்' என்ற கார்டு விளையாட்டு வந்தது. 2009-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் கார்டை வெப்கேம் முன் நீட்டினால், வீரர் கணினித் திரையில் முப்பரிமாணமாக எழுந்து நின்றார். 2011-ல் நின்டெண்டோ 3டிஎஸ் பெட்டிக்குள்ளேயே ஆறு ஏ.ஆர். கார்டுகள் வந்தன. மென்பொருளுக்கு வயதாகிவிடுகிறது, கார்டு சேகரிப்பவர் கையில் தங்கிவிடுகிறது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்குக்கு ஏ.ஆர். எஃபெக்ட் செய்ய மெட்டா தந்த, பலரும் காசு கொடுத்துப் படித்த ஸ்பார்க் ஏ.ஆர். தளத்தை 2025 ஜனவரியில் மூடியே விட்டார்கள். அதனால் 'ஆறே மாதத்தில் ஏ.ஆர்., வி.ஆர். நிபுணர்' என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களுக்கும் பணம் கட்டாதீர்கள்.

அப்போ எங்கே போவது? அச்சுத் தொழில்நுட்பம். சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் படிப்பை யாரும் யோசிக்காதது எனக்கு எப்போதுமே ஆச்சரியம்தான்.

உங்கள் மகன் படத்தை ஏன் மாற்றிக்கொண்டே இருந்தான் தெரியுமா? போன் கார்டைக் கண்டுபிடித்திருக்காது. கேமராவுக்கு நிறம் பெரிய விஷயமில்லை. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கூர்மையான புள்ளிகள்தான் வேண்டும். ஒரே அடர்த்தியுள்ள சிவப்பும் பச்சையும் அருகருகே இருந்தால் நம் கண்ணுக்கு அட்டகாசமாகத் தெரியும். கேமராவுக்கு அது வெறும் சாம்பல் பரப்பு. தொடர் முழுக்க ஒரே பார்டர் போட்டால் ஒரு கார்டுக்கும் இன்னொன்றுக்கும் குழம்பும். பளபளக்கும் ஃபாயிலும் கிளாஸ் லேமினேஷனும் சேகரிப்பவருக்குப் பிடிக்கும். ட்யூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பினால் படம் மறைந்து டிராகன் காணாமல் போகும். ஈரப்பதத்தில் அட்டை வளைந்தாலும் அதே கதை. ஆண்ட்ராய்டு போனில் ஏ.ஆர். இயங்க உதவும் கூகுளின் மென்பொருளான ஏ.ஆர்.கோர், கேமரா தேடிப் பிடிக்க வேண்டிய அடையாளப் படம் குறைந்தது 15 சென்டிமீட்டர் சதுரமாவது இருக்கச் சொல்கிறது. போக்கிமான் போன்ற டிரேடிங் கார்டோ 6.3-க்கு 8.8 சென்டிமீட்டர்தான். போனைக் கிட்டத்தில் பிடித்தாக வேண்டும், படமும் அதற்கேற்ப நுணுக்கமாக இருக்க வேண்டும். படத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் கருவியையும் கூகுளே இலவசமாகக் கொடுக்கிறது. 75-க்கு மேல் வாங்கினால் நல்லது.

இதில் பாதிக்கு மேல் மை, காகிதம், பூச்சு, டை கட்டிங் (அட்டையை வடிவாக வெட்டுவது) பற்றிய அறிவு. ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி எண்ணோ க்யூ.ஆர். குறியீடோ அச்சிடுவது, போலியைத் தடுக்க ஹாலோகிராம் ஒட்டுவது எல்லாம் அச்சுக்காரர் வேலை. கடைகளில் தொங்கும் அந்தத் தங்க நிறப் போக்கிமான் கார்டுகளைப் பாருங்கள், போலி எவ்வளவு சுலபம் என்று புரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஏ.ஆர். கார்டை மட்டும் நம்பி இங்கே சம்பளம் வாங்க முடியாது. இந்தத் துறையில் சோறு போடுவது பேக்கேஜிங். 2023 ஆகஸ்ட் 1 முதல் முன்னணி 300 மருந்து பிராண்டுகளின் அட்டையில் க்யூ.ஆர். குறியீடோ பார்கோடோ கட்டாயம். மாத்திரை அட்டையில் குறியீடு தெளிவாக விழவைப்பவனும் டிராகன் கார்டைப் போன் படிக்கவைப்பவனும் கற்க வேண்டிய அடிப்படை ஒன்றுதான்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜி பி.இ. இருக்கிறது. பொதுக் கவுன்சலிங்கில் வழக்கமாக கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வெகுநேரம் கழித்துத்தான் நிரம்பும். படிப்பது அதே வளாகம், கட்டணமும் அண்ணா பல்கலைக்கழகக் கட்டணம்தான். கட் ஆஃப் அதற்கும் எட்டாவிட்டால் தரமணியில் அரசு அச்சுத் தொழில்நுட்பப் பயிலகத்தில் டிப்ளமோ. முடித்துவிட்டு நேரடி இரண்டாம் ஆண்டு பொறியியலுக்கு முயலலாம். 'டிப்ளமோவா?' என்று உறவினர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கட்டணத்தை அரசே ஏற்கும். அதை முதலில் விசாரியுங்கள்.

மூன்று மாதம் கழித்துக் கேட்டாலும் 'எனக்கு நிரல்தான் பிடிக்கிறது' என்று பையனே சொன்னால், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கே போகட்டும், கவுன்சலிங்கில் கிடைக்கிற இடத்துக்கு. கோட்டா அப்போதும் வேண்டாம்.

இந்த விடுமுறையில் சிவகாசியில் தெரிந்த ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் இரண்டு வாரம் நிற்க வையுங்கள். பிளேட் மாட்டுவதையும், நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காருவதையும் பார்க்கட்டும். சத்தமும் மை வாடையும் பிடிக்காமல் மூன்றாம் நாளே திரும்பி வந்தால், அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழக, விளையாட்டும் ஏ.ஆர். செயலியும் செய்ய உதவும் யூனிட்டி மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். போன் ஏ.ஆர்.கோரை ஏற்கிறதா என்று கூகுளின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட் கேட்டால் வாங்கித் தராதீர்கள். கார்டு வேலைக்கு அது தேவையே இல்லை.