வாரத்தில் மூன்று நாள் ஜிம் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 34, எடை 70 கிலோ. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஒன்றரை வருடமாக ஜிம் போகிறேன். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் கை, வெள்ளி லெக்ஸ், சனி வயிறு என்று மாஸ்டர் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஓவர்டைம் வந்தால் பாதி நாள் போக முடிவதில்லை. இனி மூன்று நாள்தான் முடியும் போலிருக்கிறது. அது போதுமா? ஒரு தசைக்கு வாரத்தில் எத்தனை முறை பயிற்சி தேவை? லெக்ஸ் செய்தால் மூன்று நாள் வலிக்கிறது, வலியோடு செய்யலாமா?

பதில்: மூன்று நாள் தாராளமாகப் போதும். உங்கள் வேலைக்கு ஆறு நாள் அட்டவணையைவிட அதுதான் பொருந்தும். ஆனால் இருக்கிற ஆறில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். அட்டவணையையே மாற்ற வேண்டும்.

மாஸ்டர் தவறாகச் சொல்லிவிடவில்லை. போட்டிக்குத் தயாராகும் உடற்கட்டு வீரர்கள் பலர் பின்பற்றும் முறை அது. ஒரு நாளும் தவறாதவருக்குப் பலன் தரும். உங்களுக்கு நடப்பது வேறு. ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் ஒரே வாய்ப்பு. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் நீண்டால் காலுக்கு இரண்டு பயிற்சிகளுக்கு நடுவே பதினான்கு நாள் ஆகிவிடும். உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும்தான் இருக்கின்றன. அவற்றை இவ்வளவு இடைவெளி விட்டு, ஒரே நாளில் மொத்தமாக வாட்டுவதால்தான் உங்களுக்கு மூன்று நாள் வலி இருக்கிறது என்று நினைக்கிறேன். அடிக்கடி, அளவாகச் செய்தால் தசை பழகிக்கொள்ளும். வலி தானாகக் குறையும்.

பளு தூக்கியபின் தசைக்குள் புதிய புரதம் கட்டப்படும் வேகம் கூடுகிறது. அந்த வேகம் ஒன்றிரண்டு நாளில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். பிராட் ஷோன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் 2016-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தசை வளர வாரம் ஒரு முறையைவிட இரண்டு முறை நல்லது என்றார்கள். 2019-ல் இன்னும் அதிக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. வாரத்தின் மொத்த செட் (ஓய்வுக்கு நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) எண்ணிக்கை சமமாக இருந்தால், ஒரே நாளில் முடித்தாலும் மூன்று நாளாகப் பிரித்தாலும் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே முதலில் செட்டை எண்ணுங்கள். ஒரு தசைக்கு வாரம் சுமார் பத்து செட் கிடைத்தால் உங்கள் நிலையில் நல்ல அளவு.

அப்படியானால் ஏன் பிரிக்க வேண்டும்? செஸ்ட் நாளையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாக நான்கு பயிற்சி, நான்கு நான்கு செட்: பெஞ்ச் பிரஸ், இன்க்ளைன் பிரஸ், டம்பெல் ஃப்ளை, கடைசியில் மெஷின். முதல் இரண்டில் உருப்படியான வேலை நடக்கிறது. மூன்றாவதுக்கு வரும்போது ஒரு செட்டில் பத்து ரெப்ஸ் (தடவை தூக்குவது) ஆறாகிறது, வெயிட்டைக் குறைக்கிறீர்கள், கை நடுங்குகிறது. பதினாறு செட் என்று கணக்கு இருந்தாலும் கடைசிச் செட்களின் தரம் பாதிகூட இல்லை. அதற்குப் பதில் திங்கள் நான்கு, வெள்ளி நான்கு, நடுவே புதன்கிழமை புஷ்அப் மூன்று செட் என்றால் பதினொன்று. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் எல்லாமே தெம்போடு செய்தவை.

வலு கூடுவதற்கு இது இன்னும் முக்கியம். பளு தூக்குவது பாதி தசையின் வேலை, பாதி நரம்பு மண்டலத்தின் வேலை. ஸ்குவாட்டை வாரம் இரண்டு முறை செய்பவருக்கு அந்த அசைவு சீக்கிரம் கைவரும்.

நான் பரிந்துரைப்பது இது. திங்கள்: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், சீட்டட் ரோ. புதன்: ரொமேனியன் டெட்லிஃப்ட், ஷோல்டர் பிரஸ், லாட் புல்டவுன், புஷ்அப். வெள்ளி: லெக் பிரஸ், இன்க்ளைன் டம்பெல் பிரஸ், ஒற்றைக் கை டம்பெல் ரோ. புஷ்அப் தவிர எல்லாம் நான்கு செட், எட்டு முதல் பன்னிரண்டு ரெப்ஸ். இன்னும் ஒன்றிரண்டு ரெப்ஸ் முடியும் என்ற கட்டத்தில் நிறுத்துங்கள். செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. பைசெப்ஸும் ட்ரைசெப்ஸும் இதிலேயே வேலை செய்கின்றன. ஆசைக்குக் கடைசியில் இரண்டு செட் சேர்க்கலாம். தூக்கிய எடையை ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லா செட்டிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த முறை சிறிய பிளேட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதன் தவறினால் வியாழன் போய், வெள்ளிக்குரியதைச் சனிக்குத் தள்ளுங்கள்.

வலி பற்றி. தொட்டால் நோகிறது, படி இறங்கும்போது தெரிகிறது, வார்ம்-அப் செய்ததும் இளகிவிடுகிறது என்றால் செட்டைக் கொஞ்சம் குறைத்துச் செய்யலாம். மூட்டில் குத்துவது போன்ற வலியோ வீக்கமோ இருந்தால் கூடாது. கடும் வலியும் வீக்கமுமாகச் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். மற்றபடி, வலி இல்லாவிட்டால் தசை வளரவில்லை என்று எண்ண வேண்டாம். வளர்ச்சிக்கு அது அளவுகோல் அல்ல.

சாப்பாட்டில், உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 110 கிராம் புரதம் இலக்காக இருக்கட்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால், மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் என மூன்று வேளையிலும் பிரித்துச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆறு நாள் முடியவில்லையே என்று மனம் தளர்ந்து ஜிம்மையே நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல்கூட ஆரோக்கியத்துக்குக் கேட்பது வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சிதான். ஓவர்டைம் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் ஒரே நாள் கிடைத்தாலும் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ மூன்றையும் வழக்கமான எடையிலேயே செய்துவிட்டு வாருங்கள். செட் குறையலாம், எடை குறையக் கூடாது. உங்கள் வயதில் சில வாரங்களுக்கு இருக்கிற வலுவைத் தக்கவைக்க அது போதும். வேலை தணிந்து பழைய மூன்று நாளுக்குத் திரும்பும் முதல் வாரம், பாதி செட்டோடு தொடங்குங்கள்.