குதிரை போட்ட நோட்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வல்லரசுகள் பிற நாடுகளின் ஆட்சியைக் கவிழ்ப்பது தவறு என்று போன மாதம் நீங்கள் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. 1988இல் குர்து நகரமான ஹலப்ஜாவில் விஷவாயு போட்டுத் தன் சொந்த மக்கள் 5,000 பேரைக் கொன்றவர் ஈராக்கின் அதிபர் சதாம் உசேன். அவரை இறக்க ஈராக்கியர்களுக்கு முதுகெலும்பு இல்லை. 2003இல் அமெரிக்கா வெளியிலிருந்து வந்து இறக்கினால் என்ன தப்பு? இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அது செய்தது நன்றாகத்தானே முடிந்தது? எண்ணெய்க்காக வந்தார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். என் அப்பா பல வருடமாக தெற்கு ஈராக்கில் பஸ்ராவில் எண்ணெய் வயலில் ஃபிட்டர். அவரிடம் கேட்டால், "அதெல்லாம் போன்ல பேசாதே" என்கிறார்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரம் சித்தியின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். பீரோவின் மேல்தட்டில் ஒரு எல்.ஐ.சி. பாலிசி உறை. உள்ளே பாலிசி இல்லை. நான்கு ஈராக்கிய நோட்டுகள் இருந்தன, ஒவ்வொன்றும் 25 தினார், முன்பக்கம் குதிரைகள் போட்டது. அது கையில் கிடைக்காமல் இருந்திருந்தால் உங்களுக்குப் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம். இந்த வாதத்தைப் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

எண்ணெய்க்கு வருகிறேன். பாக்தாத் சூறையாடப்பட்ட 2003 ஏப்ரலில் எண்ணெய் அமைச்சகத்துக்கு அமெரிக்கப் படை காவல் நின்றது. தேசிய அருங்காட்சியகத்துக்கு நிற்கவில்லை. போதும், இதற்கு மேல் சண்டை வேண்டாம்.

ஆனால் "முதுகெலும்பு இல்லை" என்று எழுதினீர்களே, அதற்கு உங்களைத் திட்டாமல் விட முடியாது. குவைத்தைப் பிடித்த ஈராக்கோடு அமெரிக்கா போர் நடத்திக்கொண்டிருந்த 1991 பிப்ரவரி 15 அன்று, ஈராக்கிய ராணுவமும் மக்களும் தாங்களே சதாமை இறக்கவேண்டும் என்று அமெரிக்க அதிபர் மூத்த புஷ் பேசினார். மார்ச் மாதம் அவர்கள் எழுந்தார்கள். குவைத்தில் தோற்றுத் திரும்பிய ஒரு டாங்கிக்காரர் சதாமின் படத்தைச் சுட்டதில் தொடங்கியது என்பார்கள். எங்கே தெரியுமா? உங்கள் அப்பா இருக்கும் அதே பஸ்ராவில். 18 மாகாணங்களில் 14 சதாமின் கையை விட்டுப் போயின. போர்நிறுத்தப் பேச்சில் ஈராக்கியத் தளபதிகள், பாலமெல்லாம் உடைந்து கிடக்கிறது, அதிகாரிகள் போய்வர ஹெலிகாப்டர் வேண்டும் என்றார்கள். அமெரிக்கத் தளபதி சரி என்று தலையாட்டினார். அந்த ஹெலிகாப்டர்களை வைத்துத்தான் கிளர்ச்சி செய்தவர்களைச் சுட்டார்கள். அமெரிக்கப் படை அப்போது தெற்கு ஈராக்கிலேயே நின்றுகொண்டிருந்தது. பல்லாயிரம் பேர் செத்தார்கள். இதைப் படிக்காமல் முதுகெலும்பு பற்றி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

சித்தப்பா 1981இல் வயர்மேனாக பாக்தாத் போனார். மறுவருடம் அணிசேரா நாடுகளின் மாநாடு அங்கே நடப்பதாக இருந்தது, நகரமெங்கும் கட்டட வேலை. ஈரானோடு போர் நடந்துகொண்டிருந்ததால் மாநாடு இடம் மாறி 1983 மார்ச்சில் டெல்லியில் நடந்தது. சித்தப்பா 1984 வரை அங்கேயே இருந்தார். அரசாங்கக் கணக்கில் அப்போது ஒரு தினாருக்கு மூன்று டாலருக்கு மேல். அந்த நான்கு நோட்டு, கருவூலத்தில் கிளார்க்காக இருந்த என் மூன்று மாதச் சம்பளத்துக்கும் அதிகம்.

அவருடைய கேம்ப்பில் சம்பளம் போட்ட கணக்கர் ஓர் ஈராக்கியர். சதாமின் பாத் கட்சியில் உறுப்பினர். "சேரலேன்னா அவனுக்குப் பிரமோஷன் கிடையாது. ஆனா ஒரு ஃபில்ஸ் குறைஞ்சதில்லடா" என்பார் சித்தப்பா. ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார். அந்த ஆள் ஓவர்டைம் மணியை முதலில் பென்சிலில் எழுதி வேலைக்காரனிடம் காட்டுவாராம். அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான் அதன் மேல் மையால் எழுதுவாராம். நான் 31 வருடம் கருவூலத்தில் பில் பாஸ் செய்தவன். அப்படி ஒரு கணக்கரை நான் பார்த்ததில்லை.

அமெரிக்கா 2003இல் கவிழ்த்தது சதாமை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது மூன்று வாரத்தில் முடிந்த வேலை. மார்ச் 20 படை புகுந்தது, ஏப்ரல் 9 சதாமின் சிலை விழுந்தது. அதற்கப்புறம் கவிழ்த்தது இந்தப் பென்சில் கணக்கரை. மே 12 ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் பாக்தாத்தில் வந்து இறங்கினார். மே 16 முதல் உத்தரவு: பாத் கட்சியின் மேல் நான்கு நிலைகளில் இருந்த யாருக்கும் இனி அரசு வேலை இல்லை. அமைச்சகமோ பல்கலைக்கழகமோ ஆஸ்பத்திரியோ, எந்த இடத்திலும் மேல் மூன்று அடுக்குப் பதவியில் இருப்பவர் கட்சியின் முழு உறுப்பினர் என்றாலே போதும், வீட்டுக்குப் போகலாம். கட்சியில் சேராமல் மேலே வர முடியாத நாட்டில் இது யாரைத் தொடும் என்று யோசியுங்கள். ஆயிரக்கணக்கில் பள்ளி ஆசிரியர்களுக்கு வேலை போயிற்று. பள்ளிக்கூடம் நடக்கவேண்டும், தண்ணீர் வரவேண்டும், பென்ஷன் போகவேண்டும். எந்தச் சாவி எந்தப் பீரோவுக்கு என்று தெரிந்தவனை வாசலில் நிறுத்திவிட்டு இதையெல்லாம் யார் செய்வது?

மே 23 இரண்டாவது உத்தரவு, ராணுவமே கலைப்பு. ஏறக்குறைய நான்கு லட்சம் பேர். துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, சம்பளம் இல்லை. ஜூன் 18 அன்று சம்பளம் கேட்டு ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் வாசலில் கூடினார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டதில் இருவர் இறந்தார்கள். உதவித்தொகை கொடுப்பதாக அதற்கப்புறம்தான் அறிவித்தார்கள். பின்னாளில் ஐ.எஸ். என்ற தீவிரவாதப் படையை நடத்தியவர்களில் பலர் சதாம் ராணுவத்தின் பழைய அதிகாரிகள். ஒன்றாம் தேதி சம்பளம் ஒருநாள் தள்ளினாலே கருவூல வாசலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் வாசலில் நின்றவர்களிடம் துப்பாக்கி இருந்ததில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதை நான் எத்தனை இடத்தில் சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. 1990இல் ஐ.நா. பொருளாதாரத் தடை வந்ததும் சதாம் அரசு ரேஷனைக் கொண்டுவந்தது. கோதுமை மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, சமையல் எண்ணெய், சோப்பு. விநியோகிக்க நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முகவர்கள், தெருமுனை மளிகைக்காரர்கள் மாதிரி ஆட்கள். எந்த வீட்டில் எத்தனை தலை, யார் செத்தார், யாருக்குக் குழந்தை பிறந்தது, எல்லாம் பதிவில் இருந்தது. படையெடுப்புக்குப் பிறகும் அந்த ரேஷன் நின்றுபோகவில்லை. 2005 ஜனவரி 30 அன்று தேர்தல். வாக்காளர் பட்டியலுக்கு எங்கே போவது? அந்த ரேஷன் பட்டியலைத்தான் எடுத்தார்கள். உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் முதல் பக்கத்தில் போட்டதே, மை வைத்த ஊதா விரல், அந்த விரல்காரரின் பெயர் சதாம் காலத்து ரேஷன் பட்டியலில் இருந்து வந்தது. விட்டுவைத்த ஓர் அலுவலகம் தேர்தலுக்கு உதவியது. கலைத்த மற்ற அலுவலகங்கள் என்னென்னவற்றுக்கு உதவியிருக்கும்?

ஜப்பான், ஜெர்மனி என்று ஏதோ கேட்டிருந்தீர்கள். ஜப்பானில் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் பேரரசரையும் வைத்துக்கொண்டு, அமைச்சகங்களையும் வைத்துக்கொண்டு, அவர்கள் மூலமாகவே ஆண்டார். மேற்கு ஜெர்மனியில் போருக்குப் பின் வேலை இழந்த அதிகாரிகளில் பெரும்பகுதியினர் 1951ஆம் வருடச் சட்டத்தால் திரும்பி வந்தார்கள். அதில் பழைய நாஜிகளும் உண்டு, அது தனி அசிங்கம். என்னை மடக்க வேண்டுமென்றால் 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்து, அடுத்த மாதமே அந்த நாட்டுக் கொடுங்கோலன் போல் பாட்டை விரட்டியதைக் கேட்டிருக்கவேண்டும். அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. ஆனால் விடுதலைக்கு வரிந்து கட்டும் நாடுகள் அப்போது என்ன செய்தன? ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலியில் போல் பாட்டின் ஆட்களையே தொடர்ந்து உட்கார வைத்தன.

அப்பாவை வற்புறுத்தாதீர்கள். அவர் அங்கே வேலை பார்த்துச் சாப்பிடுகிறவர், எதைப் போனில் பேசலாம் என்று அவருக்குத் தெரியும். லீவில் வரும்போது நல்ல மீன் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, ரேஷன் கடை பற்றி மட்டும் கேட்டுப் பாருங்கள்.

1993 மே மாதம் சதாம் அரசு குதிரை நோட்டைச் செல்லாது என்று அறிவித்தது. மாற்றக் கொடுத்த கெடு மிகக் குறைவு. எல்லையையும் மூடிவிட்டார்கள், வெளிநாட்டில் வைத்திருந்தவன் தொலைந்தான். சித்தப்பா பேப்பரில் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. (அவர் ஏன் பேசவில்லை என்பது எனக்கு 2016 நவம்பரில் நன்றாகவே புரிந்தது.) ஆனால் வடக்கே குர்துகளின் பகுதி சதாமின் பிடியில் இல்லை. அங்கே பழைய நோட்டே ஓடியது. அச்சுத்தகடு சுவிட்சர்லாந்தில் செய்தது என்பதால் அதற்கு சுவிஸ் தினார் என்று பெயர். அதற்குப் பின்னால் நிற்க எந்த அரசும் இல்லை. 2002 மே மாதம் ஒரு டாலருக்கு அது சுமார் 18. அமெரிக்கா வரும் என்ற பேச்சு வலுக்க வலுக்க மதிப்பு ஏறி, 2003 மே மாதம் சுமார் 6. சதாம் போவார், அடுத்து வருகிறவன் இந்த நோட்டை மதிப்பான் என்று அங்கே கடை வைத்திருந்தவர்கள் தங்கள் கல்லாப்பெட்டியையே பந்தயம் வைத்தார்கள். இது உங்கள் வாதத்துக்குத்தான் வலு, மறைக்க மாட்டேன். ஹலப்ஜாவில் பிள்ளையைப் புதைத்தவரிடம் போய் இறையாண்மை பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

பந்தயம் பலித்தது. 2003 அக்டோபர் 15 முதல் மூன்று மாதம் ஈராக்கில் புது நோட்டு மாற்றிக் கொடுத்தார்கள். சதாம் படம் போட்ட நோட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. சுவிஸ் தினார் ஒன்றுக்கு 150. சித்தப்பா அதற்குள் காலமாகிவிட்டார். "நீ டிரெசரியிலதானே இருக்கே, மாத்தித் தரமாட்டியா?" என்று சித்தி கேட்டார். நூறு தினாருக்கு 15,000 வரும், எல்லாம் சேர்ந்தும் பத்து டாலர் தேறினால் அதிகம் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். பாக்தாத் போகிறவர்கள் யாரையும் எனக்குத் தெரியவும் தெரியாது.

போன வாரம் சித்தி உறையைக் கையில் வாங்கி, நோட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். நான்கு. பிறகு பாலிசி எங்கே என்று கேட்டார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.